காதால் சேர்த்தவர்கள்

(சென்னையில் இசை ரசிகர்கள் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜாஸ் இசைத்தட்டு சேர்ப்பவன் என்று என்னை அறிமுகப்படுத்தியதும், முன்வரிசையில் ஒருவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம், “அதெல்லாம் என்ன விலை போகும்?” என்று கேட்டார். அவர் மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் எனக்குக் காது கூர்மை. கேட்டதில் தப்பில்லை. விலையிலிருந்தே தொடங்கிவிடலாம்.

நியூயார்க்கில் புளூ நோட் என்றொரு கம்பெனி. 1957-ல் அவர்கள் பதிவு செய்த ஓர் எல்பி, எண் 1568. டெனர் சாக்ஸபோன் வாசித்த ஹாங்க் மோப்ளியின் பெயர்தான் தட்டுக்கும் பெயர். டிரம்பெட் பில் ஹார்ட்மன், பியானோ சன்னி கிளார்க், பாஸ் பால் சேம்பர்ஸ், டிரம்ஸ் ஆர்ட் டெய்லர். நல்ல தட்டு. ஆனால் மோப்ளி வாசித்ததில் இதுதான் சிறந்தது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். 1960-ல் அவர் பதிவு செய்த ‘சோல் ஸ்டேஷன்’ இதைவிடப் பல படி மேல். அதில் அவசரமே இல்லாமல் அவர் சொல்லும் விஷயங்களை 1568-ல் மூச்சு வாங்கிக்கொண்டு சொல்கிறார். ஏலத்தில் மட்டும் கதை தலைகீழ். 1568-இன் முதல் அச்சு ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகும். ‘சோல் ஸ்டேஷன்’ அந்த உயரத்தை எட்டுவதில்லை.

ஏன்? குறைவாக அச்சிட்டார்கள், அது ஒரு காரணம். இன்னொரு காரணம் லேபிளில் இருக்கிறது. ஒரு பக்க லேபிளில் கம்பெனி முகவரி ‘47 வெஸ்ட் 63, என்ஒய்சி’ என்று முடியும். மறுபக்கத்தில் அதே முகவரி ‘நியூயார்க் 23’ என்று முடியும். இரண்டும் இப்படி மாறி வந்தால்தான் அசல் முதல் அச்சு என்பது சேகரிப்பாளர்கள் ஏற்றுக்கொண்ட கணக்கு. பழைய லேபிள் கையிருப்பு தீர்ந்துபோய், அச்சாலையில் யாரோ புதிய கட்டைப் பிரித்திருப்பார்கள். அந்தச் சில்லறைச் சம்பவத்துக்குத்தான் இன்று அந்த விலை.

வாங்குகிறவர் அத்தோடு விடமாட்டார். தட்டைக் கையில் எடுத்து, ஓரத்தை உள்ளங்கையில் தாங்கி, டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்ப்பார். பாட்டு முடிகிற கடைசிக் கோட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே வழவழவென்று ஒரு வெற்று வளையம் இருக்கும். கோடே இல்லாத அந்தப் பட்டையில்தான் ரகசியங்கள் எல்லாம். ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் தலைப்பெழுத்துகளான ‘ஆர்விஜி’ இருக்கிறதா? காது மடல் போலச் சுழித்த ஒரு குறி இருக்கிறதா? அது உண்மையில் கையால் கிறுக்கிய ‘பி’ எழுத்து. நியூஜெர்சியில் இருந்த பிளாஸ்டிலைட் அச்சாலையின் அடையாளம் அது. சேகரிப்பாளர்கள் அதைக் ‘காது’ என்றே சொல்வார்கள். 1966 வாக்கில் பிளாஸ்டிலைட்டில் அச்சிடுவது நின்றுபோனதால், காது இருந்தால் பழைய தட்டு, இல்லாவிட்டால் பிந்தையது. அப்புறம் லேபிளில் வட்டமாக அழுந்திய பள்ளம், உறையின் அட்டைக் கனம், லேமினேஷன், முதுகில் எழுத்து. இவ்வளவையும் பார்த்து முடித்து, பணம் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைப்பவர்கள் உண்டு. ஊசியை வைக்காமலேயே.

கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. நானும் அந்தப் பட்டையைப் பார்க்கிறவன்தான். ஆனால் அந்தப் பட்டையைப் படிக்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது பலருக்கு மறந்துபோய்விட்டது. இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

1930-களுக்குப் போவோம். அப்போது 78 சுற்றுத் தட்டு. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம். லேபிளில் பாட்டின் பெயர், குழுவின் பெயர், விற்பனை எண் இருக்கும். யார் வாசித்தார்கள் என்று இருக்காது. குழுவின் பெயரையாவது நம்பலாமா என்றால் அதுவும் முடியாது. டியூக் எலிங்டனின் குழு பிரன்ஸ்விக் தட்டில் ‘ஜங்கிள் பேண்ட்’ என்று வரும். ஃபிளெட்சர் ஹெண்டர்சனின் குழு ஹார்மனி தட்டில் ‘டிக்ஸி ஸ்டாம்ப்பர்ஸ்’ ஆகிவிடும். ஒப்பந்தச் சிக்கல், மலிவு லேபிளுக்கு வேறு பெயர், இப்படி ஆயிரம் காரணம். கம்பெனிகளுக்கு இது நடன இசை. ஆறு மாதத்தில் பழசாகிவிடும் சரக்கு. கணக்கு வைப்பதற்கு அவர்களுக்கு என்ன தேவை?

பாரிஸில் சில இளைஞர்களுக்குத் தேவை இருந்தது. அவர்கள் இந்தத் தட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். டிரம்பெட்டில் இப்படி உறுமுகிறவர் பப்பர் மைலிதான், அப்படியானால் இது எலிங்டன் குழு என்று காதாலேயே கண்டுபிடித்தார்கள். பிறகு வெற்றுப் பட்டையில் கீறியிருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணைப் பார்த்தார்கள். கம்பெனி தன் உள்கணக்குக்காகப் பதிவு செய்த வரிசையில் போட்ட எண் அது. அதை வைத்து இந்தப் பாட்டும் அந்தப் பாட்டும் ஒரே நாளில் பதிவானவை, இது இரண்டாவது டேக், அது மூன்றாவது என்று அடுக்கினார்கள். இந்த வேலையெல்லாம் சேர்ந்து 1936-ல் ஒரு புத்தகமாக வந்தது: சார்ல் டெலோனேயின் ‘ஹாட் டிஸ்கோகிராஃபி’. ஓவியர்கள் ரோபேர் டெலோனே, சோனியா டெலோனே தம்பதியின் மகன் அவர். எந்த நாள், எந்த ஊர், யார் யார் என்ன வாத்தியம் என்று ஜாஸ் தட்டுகளுக்கு முறையாகக் கணக்கெழுதும் கலை இங்கிருந்துதான் வேர்விட்டது. பின்னால் இங்கிலாந்தில் பிரையன் ரஸ்ட் அதைப் பெரிய தொகுதிகளாக வளர்த்தார். வெற்றுப் பட்டையைப் படிப்பது என்பது அப்போது ஓர் ஆய்வு முறை. விலை பார்க்கிற முறையாக அது மாறியது பிற்பாடுதான்.

இதே காலத்தில் நியூயார்க்கில் கிழக்கு 42-ஆம் தெருவில் ஒரு கடை. ரேடியோவும் தட்டுமுட்டுச் சாமானும் விற்றுக்கொண்டிருந்த அப்பாவின் கடையை மில்ட் கேப்ளர் இசைத்தட்டுக் கடையாக மாற்றினார், கொமடோர் மியூசிக் ஷாப். பெரிய கம்பெனிகள் அச்சிடுவதை நிறுத்திவிட்ட ஜாஸ் தட்டுகளை வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கேப்ளர் நேராகக் கம்பெனிக்குப் போய், “பழைய அச்சு உங்களிடம் இருக்கிறதல்லவா? எனக்காக மறுபடி அடித்துக் கொடுங்கள், காசு நான் தருகிறேன்” என்ற பாணியில் பேசி முடித்தார். அப்படி வந்த மறுபதிப்புகளின் லேபிளில் வாசித்தவர்களின் பெயர்களையும் வாத்தியங்களையும் போட்டார். இன்று நமக்கு இது சாதாரணம். அன்று யாரும் செய்யாத மரியாதை.

அடுத்து அவரே பதிவும் செய்யத் தொடங்கினார். 1939-ல் பில்லி ஹாலிடே ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ என்ற பாட்டைப் பதிவு செய்ய விரும்பினார். கறுப்பின மக்களை அடித்து மரத்தில் தொங்கவிடும் கொடுமையைப் பற்றிய பாட்டு. அவருடைய கம்பெனியான கொலம்பியா கைவைக்கத் தயங்கியது. கடைக்காரரான கேப்ளர் பதிவு செய்தார். (இதே கேப்ளர்தான் பின்னால் டெக்கா கம்பெனியில் சேர்ந்து 1954-ல் ‘ராக் அரவுண்ட் த கிளாக்’கையும் பதிவு செய்தார். மனிதர்களை ஒரே டப்பாவில் போட்டு மூட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.)

ஆல்ஃபிரட் லயனின் கதையும் இதே வகைதான். பெர்லினில் வளர்ந்து, ஜாஸ் தட்டுகளில் பைத்தியமாகி, நியூயார்க் வந்து சேர்ந்த யூதர். 1938 டிசம்பரில் கார்னகி ஹாலில் நடந்த ஒரு கச்சேரியில் ஆல்பர்ட் அம்மன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ் என்ற இரண்டு பூகி-வூகி பியானோக்காரர்களைக் கேட்டார். இரண்டே வாரத்தில், 1939 ஜனவரி 6-ஆம் தேதி, இருவரையும் வாடகை ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போய்ப் பதிவு செய்துவிட்டார். அதுதான் புளூ நோட்டின் பிறப்பு. அவருக்கு வியாபாரமும் தெரியாது, ஒலிப்பதிவும் தெரியாது. எதைக் கேட்டால் தனக்குத் தூக்கம் வராது என்பது மட்டும் தெரியும். அந்த ஆண்டே சிட்னி பெஷேவின் ‘சம்மர்டைம்’ பதிவானது. வழக்கமான பத்து அங்குலத் தட்டின் மூன்று நிமிடம் போதாது என்று லயன் பன்னிரண்டு அங்குலத் தட்டில் வெளியிட்டார். கலைஞனுக்கு இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாகக் கொடுக்கத் தோன்றியது ஒரு ரசிகனுக்கு. பிரெஸ்டீஜ் கம்பெனியைத் தொடங்கிய பாப் வைன்ஸ்டாக் பழைய ஜாஸ் தட்டு விற்றவர். ரிவர்சைடைத் தொடங்கிய பில் கிரௌவரும் ஆரின் கீப்நியூஸும் சேகரிப்பாளர்கள் படிக்கும் ‘ரெக்கார்ட் சேஞ்சர்’ பத்திரிகையை நடத்தியவர்கள். மாங்க், சன்னி ராலின்ஸ், மைல்ஸ் டேவிஸ், பில் எவன்ஸ் என்று இன்று நாம் கொண்டாடும் பெயர்களில் எத்தனை பேருடைய முக்கியமான பதிவுகள் இந்த மூன்று கம்பெனிகளில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

ஆக, ஜாஸ் தட்டுகளைச் சேர்த்தவர்கள் சேர்த்ததோடு நிற்கவில்லை. ஜாஸின் கணக்கை எழுதினார்கள், மறைந்ததைத் திரும்ப அச்சிட்டார்கள், கடைசியில் தாங்களே பதிவும் செய்தார்கள். நான் யாரையாவது சேகரிப்பாளர் என்று அழைக்கும்போது மனதில் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். கொஞ்சம் கடுமையான அளவுகோல், ஒப்புக்கொள்கிறேன். என் அலமாரியே அதில் தேறாது.

இவர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு ஒரே ஓர் உதாரணம். 1923-ல் கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட் இண்டியானா மாநிலத்தில் ரிச்மண்ட் என்ற சிற்றூருக்குப் போய்ப் பதிவு செய்தது. பியானோ செய்யும் ஆலை ஒன்று நடத்திய கெனட் ஸ்டூடியோ அது. பக்கத்திலேயே ரயில் பாதை. ரயில் வந்தால் பதிவை நிறுத்த வேண்டும். மைக் கிடையாது. பெரிய ஊதுகுழல் போன்ற ஒன்றின் முன்னால் நின்று வாசிக்க வேண்டும், அந்த அதிர்வே மெழுகில் கோடு கிழிக்கும். பெரிய டிரம்மை அடித்தால் ஊசி துள்ளிவிடும் என்று பேபி டாட்ஸை மரக்கட்டை தட்ட வைத்தார்கள். இருபத்தொரு வயது லூயி ஆர்ம்ஸ்ட்ராங் இரண்டாவது கார்னெட். அவர் ஊதினால் ஆலிவரே கேட்கவில்லை என்று அவரைத் தள்ளி நிற்க வைத்தார்கள் என்று குழுவின் பியானோக்காரர் லில் ஹார்டின் சொல்லியிருக்கிறார்.

இந்தப் பதிவுகளின் உலோக அச்சுகள் பெரும்பாலும் பழைய இரும்புக் கணக்கில் போய்விட்டன. இன்று நீங்கள் போனில் தட்டிக் கேட்கிற 1923 ஆலிவர், யாரோ ஒரு சேகரிப்பாளர் வைத்திருந்த தேய்ந்த தட்டிலிருந்து எடுத்தது. கெனட் 5275 என்ற எண்ணுள்ள தட்டுக்கு உலகத்தில் தெரிந்து ஒரே ஒரு படிதான் தப்பியிருக்கிறது. அதன் இரண்டு பக்கங்களும் நமக்குக் கிடைத்ததே அந்த ஒரு படியால். அது ஏதாவது ஒரு வீட்டுப் பரணில் கிடந்து உடைந்திருந்தால் கதை முடிந்தது.

அந்தத் தட்டுகள் எதனால் ஆனவை? ஷெல்லாக். அதாவது அரக்கு. நம் சோட்டா நாக்பூர்க் காடுகளில் மரக்கிளைகளில் பூச்சி சுரக்கும் அதே அரக்கு. உலகத்தின் கிராமபோன் தட்டுத் தொழில் இந்திய அரக்கை நம்பி ஓடியது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் கப்பல் போக்குவரத்து சிக்கலானது, அரக்கு ராணுவத் தேவைக்குப் போனது. 1942-ல் அமெரிக்க அரசு தட்டுகளுக்கான அரக்கைக் கடுமையாகக் குறைத்தது. பழைய தட்டுகளைக் கொண்டுவந்து கொடுங்கள், அரைத்துப் புதிய தட்டு செய்கிறோம் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். அப்படி அரைபட்டதில் எத்தனை ஆலிவர்கள் போனார்களோ.

அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னோர் இடி. இசைக் கலைஞர் சங்கம் பதிவுகளைப் புறக்கணித்தது. ரேடியோவும் ஜூக்பாக்ஸும் எங்கள் பிழைப்பைக் கெடுக்கின்றன, பங்கு கொடுக்காமல் ஸ்டூடியோவுக்கு வரமாட்டோம் என்றார்கள். டெக்கா 1943-ல் இறங்கிவந்தது. கொலம்பியாவும் ஆர்சிஏ விக்டரும் 1944 நவம்பர் வரை பிடிவாதம் பிடித்தன. சரியாக அந்த இடைவெளியில்தான் பீபாப் என்ற புதிய பாணி முளைவிட்டது. 1943-ல் ஏர்ல் ஹைன்ஸின் குழுவில் சார்லி பார்க்கரும் டிஸி கில்லெஸ்பியும் சேர்ந்து வாசித்தார்கள். அந்தக் குழுவின் வணிகப் பதிவு ஒன்றுகூடக் கிடையாது. ஒரு பெரிய வித்வானின் திருப்புமுனைக் கச்சேரிகளை யாரும் பதிவு செய்யவில்லை என்று கேள்விப்பட்டால் நம்மூர் ரசிகர் நெஞ்சில் கை வைப்பார் அல்லவா? ஜாஸ் ரசிகர்களுக்கு அந்த வலி இன்னும் ஆறவில்லை.

கம்பெனிகள் பதியாமல் விட்டதில் கொஞ்சமாவது நமக்குக் கிடைத்தது தனி ஆட்களால்தான். 1941-ல் ஹார்லத்தில் மின்டன்ஸ் பிளேஹவுஸில் ஜெர்ரி நியூமன் என்ற கல்லூரி மாணவர் தட்டில் பதியும் கருவியைத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் காசநோயில் இறந்துபோகிற சார்லி கிறிஸ்டியன் நேரக் கட்டுப்பாடு இல்லாமல் கிட்டார் வாசிப்பது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரிவது அதனால்தான். டீன் பெனடெட்டி இன்னும் விசித்திரம். 1947-ல் லாஸ் ஏஞ்சலஸ் கிளப் ஒன்றில் இரவுக்கு இரவு உட்கார்ந்து சார்லி பார்க்கரின் மனோதர்மத்தை மட்டும் பதிவு செய்தார். பார்க்கர் வாசித்து முடித்ததும் பெனடெட்டி கருவியை நிறுத்திவிடுவார். மற்றவர்கள் வாசித்தால் அவருக்கென்ன? கேட்கும்போது எரிச்சலாக இருக்கும். பார்க்கர் திடீரென்று பாய்ந்து வருவார், திடீரென்று காணாமல் போவார். எனக்கு அது பிடிக்கும். ஒரு பித்தனின் காது எப்படிக் கேட்டது என்பதும் அந்தப் பதிவில் சேர்ந்தே இருக்கிறது. ஆனால் இதை வாங்குங்கள் என்று உங்களில் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சரி, முதல் அச்சுக்கு வருவோம். முதலில் வந்ததே உண்மையானது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்.

உலகத்தில் அதிகம் விற்ற ஜாஸ் தட்டுகளில் ஒன்று மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’. 1959 மார்ச் 2-லும் ஏப்ரல் 22-லும், பழைய தேவாலயம் ஒன்றை மாற்றியமைத்த கொலம்பியாவின் 30-ஆம் தெரு ஸ்டூடியோவில் பதிவானது. அதன் முதல் அச்சைத் தேடுகிறவர்கள் லேபிளில் ஆறு ‘கண்கள்’, அதாவது கண் போன்ற சின்னங்கள், இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். கேனன்பால் ஆடர்லியின் பெயர் உறையில் எழுத்துப்பிழையோடு இருக்கிறதா, இரண்டாம் பக்கத்துப் பாட்டுகளின் வரிசை தப்பாகப் போட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிழை இருந்தால் விலை கூடும்.

அந்தத் தட்டில் இவற்றையெல்லாம்விடப் பெரிய பிழை ஒன்று உண்டு. மார்ச் 2-ஆம் தேதி மூல டேப் ஓடிய இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறும். அதனால் முதல் பக்கத்து மூன்று பாட்டும் வாசித்த சுருதியைவிடச் சற்று உயர்ந்தே ஒலித்தன. ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே தொங்குகிற உயரம். தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழக முயன்ற மாணவர்கள் வாத்தியத்தைத்தான் குறை சொல்லியிருப்பார்கள். நல்லவேளையாக, காப்புக்காக ஓடிய இரண்டாவது இயந்திரம் சரியான வேகத்தில் ஓடியிருந்தது. 1992-ல் அந்த டேப்பை எடுத்து மறுபதிப்பு செய்தபோதுதான், மைல்ஸும் ஜான் கோல்ட்ரேனும் அன்று வாசித்த சுருதியை உலகம் முதன்முதலாகக் கேட்டது. மைல்ஸ் இறந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆறு கண் லேபிளுக்குப் பெரும் பணம் கொடுத்தவர் வாங்கியது தப்பான சுருதி. மலிவாகக் கிடைக்கும் பிந்தைய பதிப்பில் இருப்பது சரியான சுருதி. இரண்டும் என்னிடம் இருக்கின்றன. எது அசல் என்று என்னைக் கேட்காதீர்கள். எதைப் போட்டுக் கேட்கிறேன் என்று கேட்டால், பிந்தையதை.

மோனோ பைத்தியமும் இப்படித்தான். புளூ நோட் என்றால் மோனோதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் உண்டு. 1957, 58-ல் பதிவானவற்றுக்கு அதில் நியாயம் இருக்கிறது. அப்போது வான் கெல்டர் மோனோவுக்குத் தனி டேப்பே ஓட்டினார். 1958-இன் இறுதியில் அதை நிறுத்திவிட்டார். அதற்குப் பின் பதிவான தட்டுகளின் மோனோ, இரண்டு தட ஸ்டீரியோ டேப்பை ஒன்றாகக் கலந்து எடுத்தது. அதற்கு இரட்டை விலை கொடுப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. சேர்ந்து அழுத்தமாக ஒலிக்கிறது என்பார்கள். ஒலிக்கலாம். உங்கள் காசு.

வான் கெல்டரைப் பற்றி ஒரு வார்த்தை. பகலில் கண் பரிசோதகர், மற்ற நேரத்தில் நியூஜெர்சி ஹேக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டுக் கூடத்தில் ஒலிப்பதிவு. 1959-ல்தான் இங்கிள்வுட் கிளிஃப்ஸில் தனி ஸ்டூடியோ கட்டினார். காற்று வாத்தியங்கள் அவர் கையில் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். பியானோ மட்டும் எப்போதும் அடுத்த அறையில் இருப்பதுபோல எனக்குக் கேட்கிறது. இதைச் சொன்னால் புளூ நோட் பக்தர்கள் கோபிப்பார்கள். சார்லஸ் மிங்கஸும் அவரிடம் பதிவு செய்ய விரும்பவில்லை, வாசிப்பவரின் நாதத்தை மாற்றிவிடுகிறார் என்று குறைபட்டார். எனவே நான் தனியாள் இல்லை.

அப்படியானால் பழைய அச்சு வேண்டவே வேண்டாமா? வேண்டும். 2008 ஜூன் 1-ஆம் தேதி ஹாலிவுட்டில் யுனிவர்சல் வளாகத்தில் தீப்பிடித்து டேப் கிடங்கு எரிந்தது. எவ்வளவு போனது என்பதில் கம்பெனியின் கணக்கும் பத்திரிகைகளின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. போனது போனதுதான். ஒரு மூல டேப் எரிந்தால், அது புதிதாக இருந்தபோது அதிலிருந்து வெட்டிய தட்டுதான் மிச்சம். ஐம்பது வருடம் பெட்டியில் கிடந்த டேப்பும் தேயும், ஒட்டும், உதிரும். 1958-ல் வெட்டிய தட்டு அந்த டேப்பின் இளமையைக் கேட்டது. அதற்காக ஒரு பழைய அச்சைப் பத்திரப்படுத்துங்கள் என்றால் முதல் ஆளாக நானே வருவேன். லேபிளில் முகவரி மாறி இருப்பதற்காக என்றால் வரமாட்டேன்.

வாங்கப்போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். தட்டு பளபளவென்று இருப்பதை நம்பாதீர்கள். ஐம்பதுகளில் கனமான கைகொண்ட பிளேயர்களில் ஓடிய தட்டு, பார்வைக்குப் புதிதுபோல இருந்தும் உச்சத்தில் சாக்ஸபோன் கரகரக்கும். லேபிளின் நடுத்துளையைச் சுற்றிப் பாருங்கள். மெல்லிய வெள்ளிக் கீறல்கள் கோலம்போல ஓடினால், ஆயிரம் தடவை யாரோ துளையைத் தேடித் தடவியிருக்கிறார்கள். அதாவது ஆயிரம் தடவை ஓடியிருக்கிறது. பக்கத்தின் கடைசிப் பாட்டைப் போட்டுக் கேளுங்கள், முதல் பாட்டை அல்ல; உள்வட்டத்தில்தான் தேய்மானம் முதலில் தெரியும். நம்மூர் ஈரத்துக்குப் பூஞ்சை பெரிய பகை. பிளாஸ்டிக் உள்ளுறையில் வைத்து மழைக்காலம் முழுவதும் பீரோவில் பூட்டினால் வெள்ளைத் திட்டுகள் நிச்சயம். மாதம் ஒரு முறை வெளியே எடுங்கள். எடுப்பதோடு நிற்காமல் போட்டும் கேளுங்கள். தட்டுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

என்ன வாங்கலாம் என்று கேட்பீர்கள். பட்டியல் கொடுக்கிற வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் இந்த ஊரில் பேசும்போது ஒரு தட்டைச் சொல்லாமல் போகக் கூடாது. ஆலிஸ் கோல்ட்ரேனின் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’, 1971. இந்தச் சச்சிதானந்தர் கோயம்புத்தூர் பக்கத்துச் செட்டிபாளையத்துக்காரர், 1969-ல் வுட்ஸ்டாக் விழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவர். கணவர் ஜான் கோல்ட்ரேன் இறந்தபின் ஆலிஸ் அவரைக் குருவாக ஏற்றார். தம்புரா ஒலிக்க, பாஸ் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வைத்து நடக்க, மேலே ஹார்ப் இழையும். ஃபரோவா சாண்டர்ஸ் சோப்ரானோ சாக்ஸபோன். நம் காதுக்குத் தம்புரா கொஞ்சம் அலங்காரமாகப் படலாம், எனக்கும் பட்டது. ஹார்ப்பை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். இதற்கு நல்ல மறுபதிப்புகள் வந்திருக்கின்றன. அது போதும்.

கடைசியாக ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லிவிட்டு ஊசியை வைக்கிறேன். ஜப்பானிலிருந்து தொடங்க வேண்டும். வெளிநாட்டுத் தட்டு வாங்கக் கட்டுப்படியாகாத ஊரில், ஒரு கோப்பைக் காப்பியின் விலைக்கு மணிக்கணக்காக ஜாஸ் தட்டு கேட்க இடம் கொடுத்தவை அங்கே ஜாஸ் கிஸா எனப்படும் கடைகள். யோகோஹாமாவின் சிகுசா 1933-ல் தொடங்கியது. போர்க்காலத்தில் அமெரிக்க இசை எதிரியின் இசை என்று தடை. 1945 குண்டுவீச்சில் கடையும் தட்டுகளும் எரிந்தன. உரிமையாளர் யோஷிதா மறுபடி முதலிலிருந்து சேர்த்தார். பின்னால் புகழ்பெற்ற பியானோக்காரர் தோஷிகோ அகியோஷி இளம்வயதில் அங்கே உட்கார்ந்து தட்டைக் கேட்டுப் பாடம் படித்தார். சொந்த நாட்டில் அதிகம் விற்காத சன்னி கிளார்க்கின் ‘கூல் ஸ்ட்ரட்டின்’ ஜப்பானில் வீட்டுக்கு வீடு தெரிந்த தட்டு ஆனதும் இப்படி ஒரு ரசிகர் கூட்டம் இருந்ததால்தான். கிளார்க் 1963-ல் 31 வயதில் இறந்துவிட்டார். அவருக்கு இது தெரியாது.

நான் சொல்லவந்தவர் டினா புரூக்ஸ். பெயரைக் கேட்டுப் பெண் என்று நினைக்காதீர்கள். சின்னப் பையனாக இருந்ததால் ஒட்டிக்கொண்ட செல்லப்பெயர். டெனர் சாக்ஸபோன். 1958-க்கும் 61-க்கும் நடுவே புளூ நோட்டுக்காகத் தன் பெயரில் நான்கு தட்டுக்கான இசையைப் பதிவு செய்தார். லயன் வெளியிட முடிந்ததைவிட அதிகமாகப் பதிவு செய்கிறவர். நான்கில் ஒன்றே ஒன்றுதான் வெளிவந்தது, ‘ட்ரூ புளூ’. ஃபிரெடி ஹப்பர்டின் முதல் தட்டான ‘ஓப்பன் செசமி’யில் வாசித்து, அதன் தலைப்புப் பாட்டையும் எழுதிக் கொடுத்து, ஆறே நாள் கழித்து, 1960 ஜூன் 25-ல், அதே ஹப்பர்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் பதிவு செய்தார். ஹப்பர்ட் நட்சத்திரமானார். புரூக்ஸ் 1961-க்குப் பின் பதிவே செய்யவில்லை. 1974-ல் 42 வயதில் இறந்தார்.

மற்ற மூன்றும் கிடங்கில் கிடந்தன. மைக்கேல் கஸ்குனா என்ற ரசிகர், பழைய கலைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் “வெளிவராத பதிவு ஏதாவது செய்தீர்களா?” என்று கேட்டுக் கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். 1975-ல் புளூ நோட் கிடங்கைத் திறக்க அனுமதி வாங்கினார். பல டேப்புகளில் பாட்டின் பெயரோ ஆட்களின் பெயரோ கிடையாது. டெலோனே செய்த அதே வேலையை அவர் செய்தார்: உட்கார்ந்து, கேட்டு, இது இன்னாருடைய டிரம்ஸ் என்று அடையாளம் கண்டார். புரூக்ஸின் பதிவுகள் ஜப்பானில் வெளிவரத் தொடங்கின. 1985-ல் கஸ்குனாவும் சார்லி லூரியும் நடத்திய மொசைக் கம்பெனி நான்கையும் ஒரே பெட்டியில் வெளியிட்டது. முதல் அச்சு என்று பார்த்தால் புரூக்ஸின் வாழ்க்கையில் முக்கால் பங்குக்கு முதல் அச்சே அவர் இறந்தபின்தான்.

புரூக்ஸிடம் சத்தம் குறைவு. வாக்கியத்தைத் தொடங்கி, முடிப்பதற்குமுன் ஒரு கணம் யோசிப்பதுபோல நிறுத்துவார். முடிவு நீங்கள் எதிர்பார்த்த இடத்தில் இருக்காது. ஹப்பர்ட் பாய்ந்து போனபின் புரூக்ஸ் நுழைகிற இடத்தைக் கவனியுங்கள். டியூக் ஜார்டன் பியானோவில் ஒதுங்கி வழிவிடுவதும் கேட்கும்.

‘ட்ரூ புளூ’ முதல் பக்கத்தை இப்போது போடுகிறேன். இது ஜப்பானிய மறுபதிப்பு. காது குறியெல்லாம் தேட வேண்டாம். மின்விசிறியை யாராவது கொஞ்சம் குறைத்தால் நல்லது. கேள்விகளை இரண்டாம் பக்கத்துக்குமுன் வைத்துக்கொள்ளலாம். விலை கேட்டவர் முதலில் கேட்கலாம்.